ஒட்டுவாரொட்டி

சின்னவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவள் கைகள் நன்றாகத்தான் இருந்தன. கல்யாணத்துக்கு வந்த பெண்கள் அவள் முகத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் கிடைக்காமல், "கை எவ்வளவு லட்சணமா இருக்கு!" என்று பாராட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

கீழே பியூட்டி பார்லர், மேலே வீடு. பார்லர் மூத்த மருமகளுடையது. அவள் புருஷனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பத்து மாதம் கடலில். சின்னவளின் புருஷன் எலக்ட்ரீஷியன். கரண்ட் ஓடுகிற கம்பிக்குப் பயப்படாதவன், அண்ணி குரலை உயர்த்தினால் மட்டும் ஃபியூஸ் போய்விடும். மாமனார், மாமியார் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டதால், வீட்டில் சட்டமும் தீர்ப்பும் மூத்தவள்தான்.

கல்யாணமாகி இரண்டாவது வாரம் மூத்தவள் சொன்னாள்: "மேல உக்காந்து செவுத்தைப் பாத்துக்கிட்டு இருக்கறதுக்கு, கீழ வந்து நாலு தலையை அலசு. ஒரு தொழில் கத்துக்கிட்ட மாதிரியும் இருக்கும்."

நாலு தலை சீக்கிரமே நாற்பது தலையானது. கழுத்துக்குப் பள்ளம் வைத்த பேசின், அதில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு ஊர்க்கதை பேசும் தலைகள், கையில் ஷவர் குழாய். காலை ஒன்பது மணிக்கு நனைந்த கை சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் காயும். ஷாம்பூ முடிந்தால் சாயம் கலக்க வேண்டும். சாயம் முடிந்தால் அதைக் கழுவிவிட வேண்டும். கடைசியாக, கறைபட்ட டவல்களைப் பின்கட்டில் ப்ளீச்சிங் தண்ணீரில் முக்கிப் பிழிய வேண்டும். பெண் குழந்தை பிறந்து மூன்றாம் மாதமே திரும்பவும் பேசினுக்கு வந்து நின்றாள்.

முதலில் விரல் இடுக்கில் தோல் காய்ந்து வெளுத்தது. அப்புறம் மூட்டுக்கு மூட்டு வெடித்தது. குழந்தைக்கு மூன்று வயது முடிந்த சமயம், உள்ளங்கை வயல் வறண்ட மாதிரி ஆகிவிட்டது. ப்ளீச்சிங் தண்ணீரில் கையை வைத்தால் உச்சந்தலை வரைக்கும் எரியும்.

"க்ளவுஸ் போட்டுக்கிட்டுச் செய்யேன், யாரு வேணாம்னா?" என்று மூத்தவள் ஒரு ஜோடி மஞ்சள் ரப்பர் கையுறையைத் தூக்கிப் போட்டாள். சின்னவளுக்கு அது வரம் மாதிரி இருந்தது. பத்தே நாளில் வரம் சாபமானது. புறங்கை முழுக்கக் கடுகு கடுகாய்க் கொப்புளம். சொறிந்தால் நீர் வடியும், காய்ந்தால் தோல் ஏடு ஏடாக உரியும். கையுறை எங்கே முடிகிறதோ, மணிக்கட்டில் அங்கேயே கோடு கிழித்த மாதிரி சிவப்பும் நின்றது.

ஒரு நாள் கல்யாணப் பெண் ஒருத்தி பேசினில் சாய்ந்தவள், தலையில் பட்ட கையைத் திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "என்ன இது? அவங்க கை ஏன் இப்படி இருக்கு?"

மூத்தவள் ஓடி வந்தாள். அவளுடைய கண்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அகலமான கண்கள், மைதீட்டி, இமைமேல் நிறம் பூசி, அவள் நிமிர்ந்து பார்த்தால் எதிரே இருப்பவர் பேச வந்ததை மறப்பார். பார்லரின் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்ததும் அந்த முகம்தான். சினிமாக்காரி படம் போடவில்லை, தன் படத்தையே போட்டிருந்தாள். அந்தக் கண்களை அகல விரித்து, "பயப்படாதீங்கம்மா, இனிமே அவ கை உங்க மேல படாது" என்றாள். பிறகு சின்னவள் பக்கம் திரும்பி, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஏய் செதிலு! பின்னாடி போ!" என்றாள்.

மீனுக்குத்தான் செதில். கடையில் நாலு பேர் சிரித்தார்கள். அன்றைக்கு ஒட்டிய பெயர்தான். வாடிக்கைக்காரிகள் சொன்னார்கள், பால்காரர் சொன்னார். ஒரு நாள் புருஷனே, "செதிலு, என் டெஸ்டர் எங்க?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். கடித்த நாக்கை அதற்கு மேல் எதற்கும் பயன்படுத்தவில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை.

பெயரோடு தனித் தட்டு வந்தது, தனி டம்ளர் வந்தது. சின்னவள் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும் என்று வந்தது. அதையெல்லாம் அவள் விழுங்கிவிட்டாள். விழுங்க முடியாதது ஒன்று இருந்தது. குழந்தைக்குத் தலைவாரி விடுவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்வது எல்லாம் ஒவ்வொன்றாக மூத்தவள் கைக்குப் போயின. ஒரு காலை, அவிழ்ந்திருந்த ஷூ கயிற்றைக் கட்டிவிடக் குனிந்தபோது, குழந்தை காலைப் பின்னால் இழுத்துக்கொண்டது.

"நீ தொடாதம்மா. எனக்கும் வந்துரும்."

"யாரு கண்ணு சொன்னது?"

"பெரியம்மா. ஒட்டுவாரொட்டியாம்."

மூன்றரை வயதுக் குழந்தை அந்த நீளமான வார்த்தையைத் தடங்கலில்லாமல் சொன்னது. எத்தனை தடவை சொல்லிக்கொடுத்திருந்தால் அவ்வளவு சுத்தமாக வந்திருக்கும்!

அந்த வாரம் சின்னவளால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. விரல் மடங்கவில்லை. புருஷன் அதைப் பார்த்துவிட்டு, அண்ணி கீழே இருக்கும் நேரமாகப் பார்த்து, பைக்கில் தோல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். வாசலில் விட்டுவிட்டு, "எனக்கு ஒரு வயரிங் வேலை இருக்கு" என்று கிளம்பியும்விட்டான்.

டாக்டரம்மா அறுபதை நெருங்குகிறவர். சிரிப்பும் கிடையாது, சிடுசிடுப்பும் கிடையாது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், மணிக்கட்டுக் கோட்டைப் பார்த்ததும், "ரப்பர் க்ளவுஸா?" என்றார். பிறகு என்ன வேலை, எத்தனை மணிநேரம், என்னென்ன தொடுகிறாய் என்று அரைமணி நேரம் கேட்டார். தன் கையைப் பற்றி அவ்வளவு நேரம் யாரும் கேட்டதில்லை என்பதால் சின்னவளுக்கு அழுகையே வந்தது.

"இதுல ரெண்டு ஜாதி இருக்கும்மா" என்றார் டாக்டரம்மா. "ஒண்ணு சண்டை மாதிரி. தண்ணி, சோப்பு, ப்ளீச்சு, இதெல்லாம் விடாம அடிச்சா யாரு தோலா இருந்தாலும் கிழியும். என் தோலும் கிழியும். அடிக்கிறதை நிறுத்தினா ஆறிடும். இன்னொண்ணு பகை மாதிரி. ஏதோ ஒரு பொருளை உடம்பு எதிரின்னு குறிச்சு வச்சுக்கும். முதல் தடவை ஒண்ணும் பண்ணாது. நாள் கணக்கா, வருஷக் கணக்கா சும்மாவே இருக்கும். ஒரு நாள் கணக்குத் தீர்த்துடும். அப்புறம் அந்தப் பொருள் துளி பட்டாலும் கிளம்பிடும். சாகுற வரைக்கும் மறக்காது. உனக்குச் சண்டையும் இருக்கு, அது திறந்துவிட்ட வழியில பகையும் உள்ள வந்திருக்குன்னு தோணுது."

"இது ஒட்டுமா டாக்டர்?"

"என்னது?"

"என் பொண்ணைத் தூக்கினா அவளுக்கு ஒட்டுமா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். சின்னவளின் வடியும் கையைத் தன் வெறும் கையால் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். "போதுமா?" என்றார்.

பகையாளி யாரென்று கண்டுபிடிக்க முதுகில் சோதனை வைத்தார்கள். சின்னச் சின்ன வட்டத் தகடுகளில் மருந்து வைத்து, வரிசை வரிசையாகப் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, பேனாவால் எண் எழுதினார்கள். இரண்டு நாள் முதுகு நனையக்கூடாது, குனிந்து வேலை செய்யக்கூடாது. வீட்டில் மூத்தவள் பார்த்துவிட்டு, "என்னடி, முதுகுல போஸ்டர் ஒட்டிட்டாங்க? என்னைக்குப் படம் ரிலீசு?" என்றாள்.

இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தார்கள். இன்னும் இரண்டு நாள் கழித்து மறுபடியும் பார்த்தார்கள். இரண்டு வட்டங்கள் சிவந்து தடித்துக் கொப்புளித்திருந்தன. ஒன்று கறுப்புத் தலைச்சாயத்தில் இருக்கிற மருந்து. இன்னொன்று, ரப்பர் கையுறையை இழுபடும்படி செய்யச் சேர்க்கிற மருந்து. "காப்பாத்துறதுக்குக் குடுத்ததே கடிச்சிருக்கு பாத்தியா" என்றார் டாக்டரம்மா.

அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டாள். பள்ளிக்கூட டீச்சர், இரண்டு கண் இமையும் வீங்கி, உரிந்து, ரோஜா நிறத்தில் இருந்தது. கண்மையை நிறுத்திவிட்டேன், சோப்பை மாற்றிவிட்டேன், தலையணை உறையைக்கூடத் தூக்கிப் போட்டுவிட்டேன், போகமாட்டேன் என்கிறதே என்று புலம்பினாள். டாக்டரம்மா அவள் கண்ணைப் பார்க்கவே இல்லை. "கையை நீட்டுங்க" என்றார். நகத்தில் பளபளவென்று ஊதா நிறப் பூச்சு.

"இதுதான். நாளெல்லாம் நம்மளை அறியாம கை கண்ணுக்குப் போகுது. விரல் தோல் தடிப்பு, அதனால விரல்ல ஒண்ணும் வராது. இமைத் தோல் வெங்காயச் சருகு மாதிரி, அது தாங்காது. கண்ணுல வந்தா நகத்தைப் பாருன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க." பிறகு சின்னவளைப் பார்த்து, "நீயும் கேட்டுக்கோம்மா, உன் தொழில்ல உதவும்" என்றார்.

சின்னவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

டாக்டர் சீட்டை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூத்தவளிடம் நீட்டினாள். தலைச்சாயம் தொடக்கூடாது, ரப்பர் கூடாது, மெல்லிசான பிளாஸ்டிக் கையுறைக்குள் பருத்திக் கையுறை போட வேண்டும், இது யாருக்கும் ஒட்டாது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. மூத்தவள் வாசித்தாள். வாசித்து முடித்து, மேஜைமேல் இருந்த சாயப் பிரஷ்ஷை அந்தச் சீட்டிலேயே துடைத்துவிட்டு, குப்பைக்கூடையில் போட்டாள்.

"டாக்டருக்கென்ன, எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவாங்க. கடையை யாரு நடத்துறது?"

ஆனால் கடையில் நகப்பூச்சு போடுகிற பெண் அதே மாதம் கல்யாணமாகிப் போய்விட்டாள். வேறு வழியில்லாமல் அந்த நாற்காலி சின்னவளுக்கு வந்தது. மூடியைப் பிடித்துப் பிரஷ்ஷால் தடவுகிற வேலை. தண்ணீர் இல்லை, சாயம் இல்லை. தன் செலவில் பிளாஸ்டிக் கையுறை வாங்கிக்கொண்டாள். ஆறு வாரத்தில் வெடிப்புகள் மூடின. மூன்றாம் மாதம் உள்ளங்கை பழையபடி ரேகை தெரிய வந்தது. கையைக் கொண்டுபோய்க் குழந்தையிடம் காட்டினாள். குழந்தை எட்டி நின்று பார்த்துவிட்டு, "பெரியம்மா சொல்லட்டும்" என்றது.

ஒரு மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரம், மூத்தவள் அவள் எதிரில் வந்து உட்கார்ந்து பத்து விரலையும் விரித்து மேஜைமேல் வைத்தாள். "ம், போடு. அந்தச் சிவப்பு."

சின்னவள் பாட்டிலை எடுத்தாள். சும்மா இருக்க முடியவில்லை. "உங்களுக்கு ஒட்டிக்காதாக்கா?"

மூத்தவள் சிரித்தாள். கோபமில்லாத, சாதாரணச் சிரிப்பு. "ஒட்டாதுன்னு எனக்குத் தெரியாதாடி? பதினெட்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். உன்னை மாதிரி கை எத்தனை பாத்திருப்பேன்!"

"அப்ப ஏன் பாப்பாகிட்ட அப்படிச் சொன்னீங்க?"

மூத்தவள் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "நீ இன்னொண்ணு பெத்துக்கலாம். என் புருஷன் வருஷத்துக்கு ரெண்டு மாசம் வந்து, வந்த ரெண்டு மாசமும் தூங்குறான். எனக்கு நாப்பத்தோரு வயசு. அவ என்கிட்டயே இருக்கட்டும். உனக்கென்ன, கண்ணு முன்னாடிதானே இருக்கா?... ஓரத்துல வழியுது பாரு, துடை."

சின்னவள் துடைத்தாள். முதல் பூச்சு காய்ந்ததும் இரண்டாவது பூச்சும் போட்டாள். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பின்னாளில் நினைத்துக்கொண்டாள்.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் மூத்தவளுக்கு நகம் போட வேண்டும் என்று ஆனது. மூன்றாவது மாதம் ஒரு காலை, கண்ணாடி முன்னால் நின்று மைதீட்டிக்கொண்டிருந்த மூத்தவள், "இமை ஏன் இப்படி அரிக்குது?" என்றாள்.

சின்னவள் வந்து பார்த்தாள். இடது இமையில் ஒரு ரூபாய்க் காசளவுகூட இல்லாத சிவப்பு. அதன்மேல் மாவு தூவின மாதிரி செதில்.

"என்னடி அப்படிப் பாக்கறே? உன் டாக்டரம்மா இதைப் பத்தி ஏதும் சொல்லியிருக்காங்களா?"

"இல்லக்கா" என்றாள் சின்னவள்.

அவ்வளவுதான். ஒரே வார்த்தை. ஒரு நாள், இரண்டு நாள் அவதிப்படட்டும், அப்புறம் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். மறுநாள் குழந்தை படிக்கட்டில் விழுந்து முழங்காலில் சிராய்த்துக்கொண்டு, அம்மா கையை நீட்டியபடி கீழ்ப்படியில் நிற்க, அவளைத் தாண்டி ஓடிப்போய்ப் பெரியம்மா மடியில் விழுந்து அழுதது. அன்றைக்குச் சொல்லவில்லை. அதற்கு அடுத்த நாள் சொல்லாமலிருக்கக் காரணம் தேவைப்படவில்லை.

இரண்டு கண்ணுக்கும் பரவியது. மூத்தவள் மையை நிறுத்தினாள். இமைப்பூச்சை நிறுத்தினாள். சோப்பை மாற்றினாள், தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டாள், புதுத் தலையணை வாங்கினாள். நகத்தை மட்டும் நிறுத்தவில்லை. முகம் போய்விட்டதே, கையாவது பளிச்சென்று இருக்கட்டும் என்று வாரத்துக்கு இரண்டு தடவை போடச் சொன்னாள். சின்னவள் போட்டாள். புதிதாக வந்த, பத்து நாளானாலும் உரியாத ரகம் ஒன்றை அவளே எடுத்துக் காட்டினாள். "இது உங்க கைக்கு எடுப்பா இருக்கும்க்கா."

மருந்துக் கடையில் ஆயின்ட்மென்ட் வாங்கிவர அனுப்பப்பட்டவளும் சின்னவள்தான். கடைக்காரர் டியூபையும் ஒரு கண் சொட்டு மருந்தையும் கொடுத்துவிட்டு, "இது வேகமா கேட்கும். ஆனா கண்ணுகிட்ட ஒரு வாரத்துக்கு மேல வேண்டாம்னு சொல்லிடுங்க, கண்ணுல பிரஷர் ஏத்திடும்" என்றார்.

"சரிங்க" என்று வாங்கிக்கொண்டாள். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தில் அதுவே பொடி எழுத்தில் போட்டிருந்தது. வரும் வழியில் அதை எடுத்துச் சாக்கடையில் போட்டாள். வீட்டில் டியூபையும் சொட்டு மருந்தையும் கொடுத்து, "தடவிக்கிட்டே இருக்கணுமாம்க்கா" என்றாள். ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டது முதல் படி. சொல்லாததற்கு எதிர்மாறாகச் சொன்னது இரண்டாவது படி. இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். ஒரு எட்டுதான் இருந்தது.

மருந்து வேகமாகத்தான் கேட்டது. மூன்று நாளில் வீக்கம் வடியும். விட்டால் ஐந்தாம் நாள் இரண்டு மடங்காக வரும். அதனால் மூத்தவள் விடவே இல்லை. டியூபும் சொட்டு மருந்தும் தீரத் தீர சின்னவள் வாங்கி வந்தாள். ஒரே கடையில் கேட்டால் கேள்வி வரும் என்று கடையை மாற்றி மாற்றி வாங்கினாள்.

கண்ணாடிக் கதவில் இருந்த படம் ஒரு நாள் காணாமல் போனது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்தாள் மூத்தவள். வாடிக்கைக்காரிகள் முகத்துக்கு நேராக ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அவள் பக்கத்தில் வரும்போது சற்றே விலகி உட்கார்ந்தார்கள். ஒருத்தி தன் டவலைத் தானே கொண்டுவர ஆரம்பித்தாள்.

ஒரு நாள் மூத்தவள் அவளைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்: "செதிலு, உண்மையைச் சொல்லு. நிஜமாவே ஒட்டிக்கிச்சாடி?"

தான் கட்டிவிட்ட பொய்யே தன்னைப் பயமுறுத்த, மூத்தவள் நின்றுகொண்டிருந்தாள். சின்னவளுக்கு அப்போது வயிற்றுக்குள் ஏதோ இனித்தது. வாழ்நாளில் அவள் அவ்வளவு இனிப்பைச் சாப்பிட்டதில்லை.

"தெரியலையேக்கா. இருக்கலாம். பாப்பாவை மட்டும் கொஞ்சம் தள்ளி வச்சுக்கோங்க."

மூத்தவள் அன்றிலிருந்து குழந்தையைத் தனியாகப் படுக்க வைத்தாள். குழந்தை அம்மாவிடம் வரும் என்று சின்னவள் காத்திருந்தாள். அது வரவில்லை. பெரியம்மாவின் அறை வாசலில் பாயைப் போட்டுக்கொண்டு படுத்தது.

நடுவில் மூத்தவள் தன் பிறந்த வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்குப் போனாள். அங்கே வீட்டு வேலையில் நகப்பூச்சு உரிந்துபோக, திரும்பப் போட ஆளில்லாமல் மூன்று வாரம் வெறும் நகத்தோடு இருந்தாள். திரும்பி வந்தபோது இமை இரண்டும் தெளிந்திருந்தன. வாசலில் ஆட்டோவிலிருந்து கண்ணாடி இல்லாமல் இறங்கியவளைப் பார்த்து, சின்னவள் ஒரு நிமிஷம், போதும் என்றுதான் நினைத்தாள். நிஜமாகவே நினைத்தாள். அதற்குள் குழந்தை, "பெரியம்மா!" என்று கத்திக்கொண்டு, அவளை இடித்துத் தள்ளிவிட்டு ஓடியது.

"கை வெறுமையா இருக்கே அக்கா" என்றாள் சின்னவள். "கடைக்காரி கை இப்படி இருந்தா வர்றவங்க என்ன நினைப்பாங்க? வாங்க, போட்டுவிடறேன்."

ஒரே வாரத்தில் இமை திரும்பவும் வீங்கிக் கண்ணை மூடியது. மூத்தவள் மேஜையைத் தட்டிக் கத்தினாள். "அங்க இருந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு! இங்க வந்து உன் மூஞ்சியில முழிச்சதும் ஆரம்பிச்சிடுச்சு! நீதான்டி காரணம், நீயேதான்!"

புருஷன் அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தான். "அண்ணி, அவ என்ன பண்ணுவா பாவம்?" என்றான். அவனும் போயும் போயும் அன்றைக்குத்தான் பேச வேண்டுமா! இத்தனை நாளும் அபாண்டமாகச் சொன்னபோதெல்லாம் சும்மா இருந்தவன், அண்ணி முதல் தடவையாக உண்மையைச் சொன்ன நாளில் மறுத்துப் பேசினான்.

அடுத்த கோடையில் மூத்தவள் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். பக்கத்தில் வைத்த டம்ளர் கண்ணில் படவில்லை. விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்றாள். கண் டாக்டர் சோதித்துவிட்டு, எத்தனை மாதமாக இந்தச் சொட்டு மருந்து என்று கேட்டார். பதினான்கு மாதம். பிரஷர் ஏறி நரம்பு செத்துவிட்டது, போனது போனதுதான், இருக்கிற மீதியைக் காப்பாற்றலாம் என்றார். மீதி என்பது குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி, நேர் எதிரே ஒரு வட்டம். "இமைக்கு ஒரு நல்ல தோல் டாக்டரைப் பாருங்க" என்று சீட்டு எழுதினார். அந்த ஊரில் நல்ல தோல் டாக்டர் ஒருவர்தான்.

கூட்டிப் போக வேறு ஆளில்லை. சின்னவள் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள்.

டாக்டரம்மா மூத்தவளின் முகத்தைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில், "கையை நீட்டுங்க" என்றார். சிவப்பு நகங்கள் மேஜைமேல் வந்தன.

"எவ்வளவு நாளா இந்த நகப்பூச்சு?"

"ஒண்ணரை வருஷம் இருக்கும். இதோ, என் ஓர்ப்படிதான் போட்டுவிடுவா."

டாக்டரம்மா நிமிர்ந்து சின்னவளைப் பார்த்தார். முகம் தெரியவில்லை போலும். பிறகு அவள் கைகளைப் பார்த்தார். கைகள்தான் அவருக்கு ஞாபகம் இருந்தன.

"நீ தலைச்சாயமும் ரப்பரும் ஒத்துக்காத பொண்ணுதானே? அன்னைக்கு அந்த டீச்சர் வந்தப்ப நீ இங்கதானே உக்காந்திருந்தே? உன்னைப் பாத்துதானே சொன்னேன், உன் தொழில்ல உதவும்னு?"

சின்னவள் கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். மூத்தவள், "என்ன சொன்னீங்க டாக்டர்?" என்று கேட்டாள். டாக்டரம்மா நடந்ததை நடந்தபடி சொன்னார்.

வீட்டுப் படியில் ஏறும்போதுதான் மூத்தவள் கேட்டாள். "ஆரம்பத்திலேர்ந்தே தெரியுமா?"

"தெரியும்."

"மருந்துக் கடைக்காரன்?"

"அவரும் சொன்னாரு."

மூத்தவள் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு இரண்டு படி ஏறினாள். சின்னவள் அடி விழும் என்று எதிர்பார்த்தாள். கூச்சல், புருஷனுக்குப் போன், போலீஸ், ஊர் கூடுவது, எல்லாவற்றையும் எதிர்பார்த்தாள்.

"யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள் மூத்தவள். "இன்னைக்குச் சொல்லமாட்டேன். என்னைக்குச் சொல்வேன்னு நீ காத்துக்கிட்டே இரு."

கடை சின்னவளின் பொறுப்புக்கு வந்தது. செதிலு என்ற பெயர் உதிர்ந்து, வாடிக்கைக்காரிகள் அக்கா என்று கூப்பிட்டார்கள். மூத்தவள் தினமும் கீழே வந்து, வெறும் நகங்களோடு, சரியாகிவிட்ட இமைகளோடு, ஓர நாற்காலியில் உட்காருவாள். கண்ணுக்கு என்ன ஆச்சு என்று புதிதாக வருகிற ஒவ்வொருத்தியும் கேட்பாள். மூத்தவள் உடனே பதில் சொல்லமாட்டாள். சின்னவள் நிற்கிற பக்கம் முகத்தைத் திருப்பி, மூச்சை இழுத்து, வாயைத் திறந்து, நிறுத்துவாள். பிறகு, "பிரஷர்மா" என்பாள். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை. சின்னவள் உடம்பில் பாதி இளைத்துவிட்டாள். புருஷன், "இப்பதான் எல்லாம் நல்லாயிடுச்சே, உனக்கு என்ன?" என்று கேட்டான்.

குழந்தைக்கு ஆறு வயதானது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெரியம்மாவைக் கைபிடித்துத் தெருமுனை வரைக்கும் நடத்திக் கூட்டிப் போய் வரும். பள்ளம், படி, சைக்கிள் என்று சொல்லிக்கொண்டே போகும். அந்த வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்காது.

ஒரு சாயங்காலம் அந்த நடை முடிந்து இருவரும் கடைக்குள் வந்தார்கள். தலை அலசுகிற வேலையாள் வராததால் சின்னவள்தான் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பெண்ணின் தலையைப் பேசினில் அலசிக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, உங்களுக்கு எப்படிக் கண்ணு போச்சு?" என்று கேட்டது குழந்தை.

கடையில் ஹேர் டிரையர் அணைந்திருந்த நேரம். எல்லோருக்கும் கேட்டது. மூத்தவள் முகத்தைப் பேசின் பக்கம் திருப்பினாள். மூச்சை இழுத்தாள். பிறகு குழந்தையை மடிமேல் ஏற்றி உட்கார வைத்துக்கொண்டாள்.

"அது பெரிய கதைடா கண்ணு. இப்பச் சொன்னா உனக்குப் புரியாது. உனக்குப் பத்து வயசு ஆகட்டும். ஒண்ணு விடாம சொல்றேன்."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

"ஐயோ, சுடுது! சுடுது!" என்று பேசினில் இருந்த பெண் அலறினாள். சின்னவள் குழாயை வெந்நீர்ப் பக்கமே திருகிவிட்டு, அதன்மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.